கடலில் எண்ணெய் கொட்டினால் யார் வருவார்கள்?

(நமது சங்கத்தின் காவலூர் பயணத்தில், மேகம் மூடியதால் தொலைநோக்கி பார்க்கக் காத்திருந்த நேரத்தில், கப்பல் ஏஜென்சி ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பேசியதின் எழுத்து வடிவம். பலர் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் மலையேறி வந்துவிட்டு, இவர் கடலைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். ஒரு சம்பந்தம் இருக்கிறது. இந்த ஜவ்வாது மலையில் பிறக்கிற செய்யாறு பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் கலக்கிறது. இங்கே பெய்கிற மழைக்கும் கடைசி முகவரி கடல்தான். அந்தக் கடலில் எண்ணெய் கொட்டினால் நம் நாடு என்ன செய்கிறது, அதில் எது நன்றாக நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று சொல்லத்தான் இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறேன். வானம் தெளிந்தால் தயங்காமல் எழுந்து போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எண்ணூரிலிருந்து தொடங்குகிறேன். 2017 ஜனவரி 28, சனிக்கிழமை, விடியற்காலை. காமராஜர் துறைமுகத்திலிருந்து சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தது பி.டபிள்யூ. மேப்பிள் என்ற கப்பல். பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது டான் காஞ்சிபுரம் என்ற கப்பல். துறைமுகத்துக்கு வெளியே இரண்டும் மோதிக்கொண்டன. உயிர்ச்சேதம் இல்லை. முப்பதாயிரம் டன்னுக்கு மேல் இருந்த சரக்கும் பெரும்பாலும் தப்பியது. கசிந்தது கப்பலே எரித்து ஓடுகிற கனமான எரிபொருள். ஃபர்னஸ் ஆயில் என்பார்களே, தார் மாதிரி இருக்கும், அந்த வகை.

அன்றைக்கு வந்த முதல் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றார்கள். பிறகு கொஞ்சம் கசிந்திருக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு இருபது டன் என்ற எண் வந்தது. கடைசியில் வந்த மதிப்பீடுகள் இருநூறு டன்னை ஒட்டியும் அதற்கு மேலும் இருந்தன. இந்த எண் எப்படி ஏறியது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சின் முக்கால் பங்கு அதைப் பற்றித்தான்.

முதலில், எண்ணெய் தண்ணீரில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பெட்ரோல், டீசல் மாதிரி லேசான எண்ணெயில் பெரும்பகுதி ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். கனமான எண்ணெய் அப்படிப் போகாது. அலை அதை அடித்து அடித்துத் தண்ணீரோடு கலக்கும். தயிர் கடைந்த மாதிரி ஒரு பழுப்புக் கூழாகும். அந்தக் கூழில் முக்கால் பங்குகூட தண்ணீராக இருக்கலாம். அதாவது ஒரு டன் எண்ணெய் மூன்று நான்கு டன் கூழாகப் பெருத்துவிடும். அதனால்தான் எண்ணூரில் 'இருபது டன் கசிந்தது என்றீர்கள், நாங்கள் அள்ளியதே அதைவிட அதிகம்' என்று மக்கள் கேட்டார்கள். அள்ளியதில் தண்ணீரும் மணலும் இருந்தது உண்மை. ஆனால் சொன்ன எண் தவறு என்பதும் உண்மை.

கூழானதும் மோட்டார் வேலை செய்யாது. எர்ணாவூர் பக்கம், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகளுக்கு நடுவே அந்தக் கூழ் வந்து அடைந்துகொண்டது. சாக்கடை உறிஞ்சும் சூப்பர் சக்கர் லாரிகளைக் கொண்டுவந்து குழாயை விட்டார்கள். கூழும் மணலும் சேர்ந்து குழாயை அடைத்துக்கொண்டன. பிறகுதான் வாளி வந்தது. கடலோரக் காவல்படையினர், மீனவர்கள், கல்லூரி மாணவர்கள், தீயணைப்பு வீரர்கள், தன்னார்வலர்கள் எனப் பலர் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி எடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. செயற்கைக்கோள் விடுகிற நாடு வாளியில் அள்ளுகிறதே என்று கேலி செய்தார்கள்.

அந்தக் கேலி பாதிதான் சரி என்பது என் கருத்து. பாறை இடுக்கில் சிக்கிய கெட்டிக் கூழை எடுக்க எந்த நாட்டிலும் கடைசியில் கையும் மண்வெட்டியும்தான். வாளியில் தவறில்லை. அதைப் பிடித்த கையில் உறையும் முகத்தில் கவசமும் இல்லாமல் பலர் நின்றதுதான் தவறு. இன்னொரு தவறும் உண்டு. எண்ணெய் கரைக்கு வருவதற்கு முன்பே, கடலில் கிடந்தபோதே வளைத்துப் பிடிக்க வேண்டிய நேரம், 'ஒன்றும் கசியவில்லை' என்ற அறிக்கையோடு போய்விட்டது.

வளைத்துப் பிடிப்பது எப்படி? அதற்கு மிதவைத் தடுப்பு இருக்கிறது, பூம் என்பார்கள். நீளமான காற்றடைத்த குழாய் மாதிரி மிதக்கும், அடியில் ஒரு பாவாடை தொங்கும். எண்ணெயைச் சுற்றி வளைத்து, ஸ்கிம்மர் என்ற கருவியால் மேலாக வழித்தெடுப்பார்கள். கேட்க எளிது. அலை உயர்ந்தாலும் நீரோட்டம் வேகமானாலும் எண்ணெய் பூமுக்கு அடியில் நழுவிவிடும். அமைதியான கடலில்கூட கொட்டியதில் ஒரு சிறு பங்கைத்தான் திரும்ப எடுக்க முடியும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். மருந்து தெளித்து எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடிக்கும் முறையும் உண்டு. ஆழ்கடலில் அது உதவும். கரையோரத்திலும் அலையாத்திக் காட்டிலும் அடித்தால் இருக்கிற மீன் குஞ்சுக்கும் சேர்த்து விஷம். 1967இல் இங்கிலாந்துக் கரையில் டோரி கேன்யன் கப்பல் உடைந்தபோது டிடர்ஜென்ட் ஊற்றித்தான் சுத்தம் செய்தார்கள். எண்ணெய் செய்த கேட்டைவிட அந்த டிடர்ஜென்ட் செய்த கேடு பெரிது என்று பிறகு கண்டார்கள்.

ஆக, முதல் சில மணி நேரம்தான் எல்லாம். அந்த நேரத்துக்காகத்தான் ஒரு நாடு திட்டம் வைத்திருக்கிறது.

நம் திட்டம் மோசமானது அல்ல, இதையும் சொல்லியாக வேண்டும். 1986இல் கடலில் எண்ணெய் மாசைக் கையாளும் பொறுப்பு இந்தியக் கடலோரக் காவல்படைக்கு வந்தது. 1993இல் தேசிய எண்ணெய்க்கசிவுப் பேரிடர் திட்டத்துக்கு மத்திய அரசின் செயலாளர்கள் குழு ஒப்புதல் தந்தது, 1996இல் அது நடைமுறைக்கு வந்தது. பிறகு சிலமுறை திருத்தியிருக்கிறார்கள். மும்பை, சென்னை, போர்ட் பிளேர், வாடினார் ஆகிய இடங்களில் இதற்கென்றே குழுக்கள் இருக்கின்றன. சமுத்திர பஹரேதார் போல மாசைக் கையாளவே கட்டிய கப்பல்கள் இருக்கின்றன. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இருக்கிறது. எங்கே, எப்போது, எவ்வளவு எண்ணெய் கொட்டியது என்று கொடுத்தால், காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் போட்டு அது எந்தக் கரைக்கு எப்போது வரும் என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இங்கே இருட்டில் வெளிச்சத்தைத் தேடுகிறார்கள். கடலில் எண்ணெயைத் தேடும் ரேடார் செயற்கைக்கோளுக்கு நேர் எதிர். காற்றில் சிலிர்க்கிற கடல் ரேடாருக்கு வெளிச்சமாகத் தெரியும். எண்ணெய் படிந்த இடத்தில் அந்தச் சிலிர்ப்பு அடங்கிவிடும், அங்கே மட்டும் கறுப்பாகத் திட்டுத் தெரியும். அதனால் ராத்திரியிலும் மேகத்துக்கு மேலிருந்தும் பார்க்கலாம். இன்றைக்கு நமக்கு அந்த வசதி இல்லை, பாருங்கள்.

ஆழ்கடலில் இந்த ஏற்பாடு வேலை செய்ததற்கு நல்ல உதாரணம் 2020 செப்டம்பர். இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற டேங்கர் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாரதீப்புக்கு வந்துகொண்டிருந்த கப்பல். உள்ளே சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கச்சா எண்ணெய். கப்பல் ஊழியர் ஒருவர் இறந்தார். இலங்கைக் கடற்படையும் நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் சேர்ந்து நாள் கணக்கில் போராடித் தீயை அணைத்தார்கள். கச்சா எண்ணெய்த் தொட்டிகள் தப்பின. அது உடைந்திருந்தால் இரு நாட்டு மீனவர்களும் எத்தனை வருடம் கடலுக்குப் போயிருக்க மாட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தப்பிய விபத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை.

அப்படியானால் எண்ணூரில் மட்டும் ஏன் அப்படி ஆனது?

திட்டத்தில் மூன்று படிகள் இருக்கின்றன. 700 டன் வரை முதல் படி, துறைமுகமும் எண்ணெய் நிறுவனமும் தங்கள் கையிருப்பை வைத்தே சமாளிக்க வேண்டும். 700 முதல் 10,000 டன் வரை இரண்டாம் படி. அதற்கு மேல் மூன்றாம் படி, வெளிநாட்டு உதவியும் தேவைப்படலாம். எண்ணூரில் கொட்டியது முதல் படியிலேயே பாதிக்கும் கீழே. அதற்கே வடசென்னைக் கரை கறுத்து, மெரினா, பெசன்ட் நகர் தாண்டித் தெற்கே வரை எண்ணெய் போனது. ஆமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் மாதங்கள் அவை. காசிமேட்டில் மீன் வாங்க ஆளில்லை.

காரணம், கடலுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார், கரைக்குப் பலர். துறைமுக எல்லைக்குள் துறைமுகம். அதற்கு வெளியே கடலோரக் காவல்படை. அலை வந்து மணலைத் தொட்ட இடத்திலிருந்து மாநில அரசு, மாவட்ட நிர்வாகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநகராட்சி. கரையைச் சுத்தம் செய்வதற்கான திட்டத்தைக் கடலோர மாநிலங்கள் தாங்களே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. எண்ணெய்க்கு இந்த எல்லைக்கோடு தெரியாது. காலை ஒருவர் பொறுப்பில் மிதந்தது மாலையில் இன்னொருவர் பொறுப்பில் படிந்துகிடக்கும். நம் குடியிருப்பில் மாடி வீட்டுக் குழாய் கசிந்து கீழ்வீட்டு மேற்கூரை நனைந்தால் யார் செலவு என்று எத்தனை பொதுக்குழுவில் பேசியிருக்கிறோம்? அதே வழக்குதான். ஒரே வித்தியாசம், இங்கே பேசி முடிப்பதற்குள் எண்ணெய் ஊறிவிடும்.

இரண்டாவது சம்பவம் இதை இன்னும் தெளிவாகக் காட்டும். 2023 நவம்பர் 25, குஜராத்தில் வாடினாருக்கு அருகே கடலோரக் காவல்படை தன் ஒன்பதாவது தேசிய அளவிலான எண்ணெய்க்கசிவுப் பயிற்சியை நடத்தியது. கப்பல்கள், ஹெலிகாப்டர்கள், வெளிநாட்டுப் பார்வையாளர்கள் என்று பெரிய பயிற்சி. அது முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டியது. நாமெல்லாம் மின்சாரமும் பாலும் இல்லாமல் உட்கார்ந்திருந்த அதே நாள்களில், மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வெளியேறிப் பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்தது. அங்கிருந்து கொசஸ்தலையாறு, எண்ணூர் கழிமுகம், கடல். தங்கள் குழாயில் கசிவு இல்லை என்பது நிறுவனத்தின் ஆரம்ப நிலைப்பாடு. ஆலையின் மழைநீர் வெளியேறும் பக்கம் எண்ணெய் இருந்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

இங்கே கப்பலும் இல்லை, மோதலும் இல்லை. கால்வாய் கடல் அல்ல, கழிமுகமும் முழுக்கக் கடல் அல்ல. வாடினாரில் ஒத்திகை பார்த்தது வேறு, இங்கே வந்தது வேறு. எண்ணெய் வீட்டுச் சுவரில் ஏறியது, படகிலும் வலையிலும் ஒட்டியது, கூழைக்கடாக்களின் இறகில் படிந்தது, அலையாத்தி மரங்களின் வேரில் பூசிக்கொண்டது. அந்த வேர்கள் சேற்றுக்கு மேலே தலைநீட்டி மூச்சு விடுபவை. அவற்றைச் சுரண்டவும் முடியாது, கழுவவும் முடியாது. மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகிலேயே போய் எண்ணெயை அள்ளினார்கள். எண்ணூரில் முகத்துவாரத்துத் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். வலை நாறிப்போனால் புது வலை வாங்கலாம், அவர்களுக்குக் கழிமுகமே வலை. 2,301 மீனவக் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வீதம் அரசு நிவாரணம் அறிவித்தது. நம் மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இதே அளவு விபத்தை இன்னொரு ஊர் எப்படிக் கையாண்டது? நம்மில் பலருக்குப் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். 2024 ஜூன் 14, பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நின்றிருந்த மரீன் ஹானர் என்ற எரிபொருள் கப்பலில் தூர்வாரும் கப்பல் ஒன்று இடித்தது. சுமார் 400 டன் எண்ணெய் கொட்டியது. எண்ணூரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அங்கேயும் எண்ணெய் கரைக்கு வந்தது, செந்தோசாவும் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவும் கறுத்தன, பூம் போட ஏன் தாமதம் என்று மக்கள் கேட்டார்கள். எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அளவை உடனே சொன்னார்கள். எந்தக் கடற்கரை மூடியிருக்கிறது என்று தொடர்ந்து அறிவித்தார்கள். உதவ வந்தவர்களைப் பெயர் பதிந்துகொள்ளச் சொன்னார்கள், எண்ணெயை அள்ளும் வேலையைப் பயிற்சி பெற்ற பணியாளர்களிடம் விட்டார்கள். பல துறைகள் ஒன்றாக அறிக்கை விட்டன. நமக்கு எட்டாத தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. முதல் நாளிலேயே உண்மையான எண்ணைச் சொல்லும் துணிவும், கரைக்கு ஒரே ஒரு பொறுப்பாளரும் போதும். 'கசியவில்லை' என்று சொன்ன வாய்க்கு அடுத்த நாள் 'பூம் அனுப்புங்கள்' என்று கேட்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சத்தின் விலைதான் எண்ணூர்.

செலவு யாருடையது என்று ஒருவர் கேட்டார். மாசு செய்தவர்தான் கட்ட வேண்டும். டோரி கேன்யனுக்குப் பிறகு கப்பல் முதலாளிகளின் பொறுப்பு பற்றியும், 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் விபத்துக்குப் பிறகு நாடுகள் தயார்நிலை வைத்திருப்பது பற்றியும் சர்வதேச ஒப்பந்தங்கள் வந்தன. இரண்டிலும் இந்தியா இருக்கிறது. கப்பலுக்குக் காப்பீடும் உண்டு. பணம் வரும். வருகிற வரைக்கும் மீனவர் வீட்டில் அடுப்பெரிய வேண்டும், அதுதான் சிக்கல்.

மீன் சாப்பிடலாமா என்று அம்மா ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. 2017இல் பயத்தில் எல்லாரும் எல்லா மீனையும் நிறுத்தினோம். கசிவுக்குச் சம்பந்தமே இல்லாத ஆழ்கடல் மீனும் விற்கவில்லை. மீன் தன் உடம்பில் சேரும் எண்ணெய் நச்சை ஓரளவு உடைத்து வெளியேற்றிவிடும். மட்டி, ஆழி போன்ற சிப்பி வகைகள் தண்ணீரை வடிகட்டித் தின்பவை, அவற்றில் நச்சு தங்கும். ஆகவே கசிந்த பகுதியின் சிப்பி, நண்டு, கழிமுக மீனை மீன்வளத்துறை சோதித்துச் சொல்லும் வரை தவிர்க்கலாம். மண்ணெண்ணெய் வாடை வந்தால் எந்த மீனையும் வாங்க வேண்டாம். மற்றபடி, தொலைவில் பிடித்த மீனை வாங்குங்கள். நம் மீன்காரம்மாவிடம் எங்கே பிடித்தது என்று கேட்டால் உண்மையைத்தான் சொல்வார்.

கடற்கரையில் நடக்கும்போது கறுப்புத் தார்க்கட்டிகளோ எண்ணெய்ப் படலமோ கண்டால், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் 1554க்குப் பேசுங்கள், அது கடலோரக் காவல்படையின் எண். மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077. இடம், நேரம், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, இந்த மூன்றும் போதும். 2017இல் நம் குடியிருப்பிலிருந்தும் இளைஞர்கள் சிலர் செருப்புக் காலோடு எர்ணாவூர் போனார்கள். அவர்களுடைய மனசைப் பாராட்டுகிறேன். இன்னொரு முறை வந்தால் ரப்பர் பூட்ஸ், கையுறை, முகக்கவசம் இல்லாமல் யாரும் போகக் கூடாது. அந்த எண்ணெயில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் இருக்கின்றன, தோல் வழியாகவே உள்ளே போகும்.

கடைசியாக நம் வளாகத்து விஷயம் ஒன்று. டேங்கர் விபத்துகள் உலகெங்கும் வெகுவாகக் குறைந்துவிட்டன. 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக இருபதுக்கு மேல் பெரிய கசிவுகள், இப்போது ஒன்றிரண்டு. அமெரிக்கத் தேசிய அகாதமிகள் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, வட அமெரிக்கக் கடல்களில் சேரும் எண்ணெயில் பெரும்பங்கு நிலத்திலிருந்து, சாலையிலிருந்தும் வடிகாலிலிருந்தும் ஓடிவருவது. நம் ஊர் வடிகால் வேறு எங்கே போகிறது? கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், அங்கிருந்து கடல்தான். நம் ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றும்போது வெளியே எடுக்கிற பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு, அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். சர்வீஸுக்கு வருகிறவர் கேனில் எடுத்துப்போகிறார் என்றால் எங்கே கொடுத்தார் என்று ரசீது கேட்க வேண்டும். டீசல் பேரல் வைத்திருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு சின்னக் கட்டுச்சுவர் வேண்டும். மிக்ஜாம் வெள்ளத்தில் நம் பேஸ்மென்ட்டில் தண்ணீர் நின்றபோது மேலே வானவில் மாதிரி மிதந்ததைப் பார்த்தவர்கள் இங்கேயே நான்கு பேர் இருக்கிறீர்கள். அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்துத் தெரு வடிகாலில்தான் இறைத்தோம்.

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கும்படி செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜெனரேட்டர் சர்வீஸ் ரசீதுகளை யார் வைத்துக்கொள்வது, பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறினால் பேரலை யார் முதலில் மேலே ஏற்றுவது, இரண்டுக்கும் பெயர் போட்டு எழுத வேண்டும். ஆட்கள் தயாராக இருந்தால் என் பெயரை முதல் பெயராக எழுதிக்கொள்ளலாம்.